வீட்டு வாய்ஸ் ஓவர் அறைக்கு மைக் ப்ரீஆம்ப்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மைக்கிலிருந்து 15 செ.மீ. தள்ளி உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசினால் மைக்கின் முகப்பில் சராசரியாக 76 டெசிபல் அளவுக்கு ஒலி சேரும். அந்த ஒலிக்கு ரோட் என்டி1-ஏ போன்ற கண்டென்சர் மைக் (வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும் வகை) தருவது சுமார் 3 மில்லிவோல்ட். ஷூர் எஸ்எம்7பி போன்ற டைனமிக் மைக் (மின்சாரம் வேண்டாத வகை) தருவதோ வெறும் 0.14 மில்லிவோல்ட். இந்தச் சிறு மின்னழுத்தத்தை, கணினி எண்களாக மாற்றும் அளவுக்குப் பெருக்கிக் கொடுப்பதுதான் ப்ரீஆம்பின் வேலை. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வைத்திருக்கும் எல்லோரிடமும் அது ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று தனியாக வேண்டுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பதே பதில். யாருக்கு வேண்டும் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கூட்டல் கழித்தலில் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் கணக்கு: இரைச்சல்

மைக்கோடு வரும் விவரத் தாளில் சென்சிட்டிவிட்டி (ஒலியை எவ்வளவு மின்னழுத்தமாக மாற்றும் என்ற அளவு) என்று ஓர் எண் இருக்கும். எஸ்எம்7பிக்கு -59 டிபிவி (ஒரு வோல்ட்டோடு ஒப்பிட்ட டெசிபல்), எஸ்எம்58க்கு -54.5, என்டி1-ஏவுக்கும் சென்ஹைசர் எம்கேஹெச் 416க்கும் -32 அளவில். சில நிறுவனங்கள் இதையே மில்லிவோல்ட்டில் எழுதும்: 1 மில்லிவோல்ட் என்றால் -60, 2 என்றால் -54, 10 என்றால் -40, 25 என்றால் -32.

ப்ரீஆம்பின் தாளில் ஈஐஎன் என்ற எண்ணைத் தேடுங்கள். ப்ரீஆம்ப் தானாகச் சேர்க்கும் இரைச்சலை மைக் நுழையும் இடத்துக்குக் கொண்டுவந்து சொல்லும் அளவு அது. -128 டிபியு (0.775 வோல்ட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) நல்ல எண். 150 ஓம் மூலத்துக்கு இயற்பியல் விதித்திருக்கும் அடித்தளமே ஏறக்குறைய -131தான். யார் எவ்வளவு பணம் கொட்டினாலும் அதற்குக் கீழே போக முடியாது. -128 உள்ள மலிவுப் பெட்டிக்கும் பத்து மடங்கு விலையுள்ள பெட்டிக்கும் இந்த விஷயத்தில் அதிகபட்ச வித்தியாசம் 3 டெசிபல்தான்.

இப்போது மைனஸ் குறிகளை மறந்துவிட்டு, 92உடன் மைக்கின் எண்ணைக் கூட்டி, ஈஐஎன் எண்ணைக் கழியுங்கள். எஸ்எம்7பியும் -128 ப்ரீஆம்பும் என்றால் 92 + 59 - 128 = 23. ப்ரீஆம்பின் இரைச்சல், உங்கள் அறையில் 23 டெசிபலில் ஒலிக்கும் ஓர் ஓசைக்குச் சமம் என்று பொருள். அதே ப்ரீஆம்பில் என்டி1-ஏ என்றால் 92 + 32 - 128 = -4. அப்படி ஒரு ஓசையை எந்தக் காதும் கேட்காது. அந்த மைக்கின் சொந்த இரைச்சலே 5 டெசிபல்.

அறையின் இரைச்சலோடு இந்த விடையை ஒப்பிட வேண்டும். நகரத்து வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் மின்விசிறி, ஏசி எல்லாம் நிறுத்திய படுக்கையறையில் 30 டெசிபல் கிடைத்தால் நல்ல அறை. கண்டென்சர் மைக் வைத்திருப்பவரின் ப்ரீஆம்ப் இரைச்சல் அதற்கு 34 டெசிபல் கீழே கிடக்கிறது. அவர் வேறு ப்ரீஆம்ப் வாங்கினால் பதிவில் இரைச்சல் துளியும் குறையாது. எஸ்எம்7பி வைத்திருப்பவருக்கு இடைவெளி 7 டெசிபல்தான். அறையின் ஓசை பெரும்பாலும் கீழ்ஸ்தாயி உறுமல்; ப்ரீஆம்பின் ஓசை 'உஸ்' என்ற மேல்ஸ்தாயிச் சீறல். அதனால் எண்ணில் குறைவாக இருந்தாலும் சீறல் காதில் படும். விடை அறையின் அளவைவிடக் குறைந்தது 10 டெசிபல் கீழே இருந்தால் கவலையில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதே டைனமிக் மைக்கை, ஈஐஎன் -120 மட்டுமே உள்ள பழைய மிக்சரில் செருகினால் விடை 31. அங்கே ப்ரீஆம்ப் அறையையே மிஞ்சிவிடுகிறது. மாற்ற வேண்டியது இந்த நிலையில்தான்.

எண்களை ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. ஏ-வெய்ட்டட் (காது குறைவாகக் கேட்கும் ஸ்தாயிகளைக் குறைத்து அளந்தது) என்று எழுதியிருந்தால் எண் 2 டெசிபல் அளவுக்கு அழகாகத் தெரியும். நுழைவாயிலின் இரு முனைகளையும் நேராக இணைத்து (ஷார்ட் செய்து) அளந்திருந்தால் இன்னும் அழகாகும்; -131ஐத் தாண்டிய எண் எங்காவது கண்ணில் பட்டால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம். பெரும்பாலும் முழு கெய்னில்தான், அதாவது பெருக்கும் அளவை முழுக்க ஏற்றித்தான், அளக்கிறார்கள். குறைந்த கெய்னில் எல்லா ப்ரீஆம்பின் ஈஐஎன்னும் மோசமாகும். அப்போது வரும் சிக்னல் பெரிதாக இருப்பதால் அது உறுத்துவதில்லை.

அறையை ப்ரீஆம்ப் காப்பாற்றாது

ஒலிப்புத்தகங்களுக்கான ஏசிஎக்ஸ் தளம் கேட்பது இது: சராசரி அளவு -23க்கும் -18 டெசிபலுக்கும் இடையே (கணினியில் பதிவாகும் ஒலியின் உச்ச வரம்பு 0), உச்சம் -3ஐத் தாண்டக் கூடாது, மௌனத்தின் இரைச்சல் -60க்குக் கீழே. அங்கே வேலை செய்யாதவர்களுக்கும் இது நல்ல அளவுகோல். 76 டெசிபல் குரல், 30 டெசிபல் அறை என்றால் இடைவெளி 46. குரலை -20க்கு ஏற்றினால் அறை -66இல் நிற்கும், தேறிவிடும். ஏசி ஓடி அறை 40 டெசிபல் ஆனால் -56, தேறாது. இதில் ப்ரீஆம்பின் பெயரே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏசியை நிறுத்துவது, மைக்கை 15 செ.மீ.யிலிருந்து 8 செ.மீ.க்குக் கொண்டுவருவது, கனத்த ரஜாய்களைத் தொங்கவிட்டு எதிரொலியைக் கொல்வது ஆகிய மூன்றும் தருவதை எந்த ப்ரீஆம்பும் தராது. மைக்கை நெருக்கினால் மட்டும் 5 டெசிபல் கூடும். ஆனால் 'ப', 'ப்ப' வரும் இடங்களில் காற்று மோதும். பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் திரை) வைத்து, மைக்கை வாயின் நேர்க்கோட்டிலிருந்து சற்று விலக்குங்கள்.

இரண்டாம் கணக்கு: கெய்ன்

"60 டெசிபல் கெய்ன் இருக்கிறதா?" என்று கடையில் கேட்பவர்கள் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கெய்ன் குறைந்தபட்சத்தில் இருக்கும்போது அந்தப் பெட்டி எவ்வளவு பெரிய சிக்னலைத் தாங்கும் என்பது மறுபாதி. அந்த எண்ணிலிருந்து கெய்னைக் கழித்தால், எவ்வளவு சிறிய சிக்னலால் மீட்டரை நிரப்ப முடியும் என்பது கிடைக்கும்.

ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் மைக் உள்ளீடு +9 டிபியு, கெய்ன் 56. கழித்தால் -47. நான்காம் தலைமுறையில் +16, 69. கழித்தால் -53. பெட்டியில் 13 டெசிபல் முன்னேற்றம் மாதிரித் தெரிந்தது, கணக்கில் 6தான்.

குரலின் உச்சங்கள் 90 டெசிபல் வரை போகும். அப்போது எஸ்எம்7பி தருவது -61 டிபியு. மூன்றாம் தலைமுறையில் குமிழை முழுக்கத் திருப்பினாலும் உச்சம் -14இல் நிற்கும், நான்காவதில் -8. கண்டென்சர் மைக்குக்கு உச்சமே -34 டிபியு என்பதால், மூன்றாம் தலைமுறையில்கூட 33 டெசிபல் கெய்ன் போதும்.

குமிழ் முழுக்கத் திரும்பியும் மீட்டர் -14இல் நிற்பதைப் பார்த்தவுடன் பூஸ்டர் (மைக்குக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவில் மாட்டும் சிறு பெருக்கி) வாங்க ஓட வேண்டியதில்லை. 24 பிட்டில் பதிவு செய்துவிட்டு, மென்பொருளில் 6 டெசிபல் ஏற்றினால் ஒன்றும் கெடாது. முழு கெய்னில் ப்ரீஆம்பின் இரைச்சல் -81 அளவில் இருக்கிறது. எண்ணாக்கும் சுற்றின் இரைச்சல் அதைவிடச் சுமார் 30 டெசிபல் கீழே. ஆக, மென்பொருளில் ஏற்றும்போது குரலும் ப்ரீஆம்ப் இரைச்சலும் சேர்ந்தே ஏறுகின்றன. குமிழில் ஏற்றியிருந்தாலும் அதுவே நடந்திருக்கும்.

பூஸ்டர் எப்போது உதவும்

கிளவுட்லிஃப்டர் சிஎல்-1, ஃபெட்ஹெட் போன்றவை, மைக் கேபிள் வழியே ப்ரீஆம்ப் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான ஃபான்டம் பவரில் ஓடி, 25 முதல் 27 டெசிபல் வரை கூட்டுபவை. ப்ரீஆம்பின் ஈஐஎன் -120 அளவில் இருந்தால் இவற்றால் சீறல் தெளிவாகக் குறையும். ப்ரீஆம்ப் ஏற்கெனவே -128 என்றால் கிடைப்பது ஒன்றிரண்டு டெசிபல்தான், ஏனென்றால் பூஸ்டருக்கும் சொந்த இரைச்சல் உண்டு. குமிழின் கடைசிக் கால்பகுதியில் கெய்ன் திடீரென்று எகிறும் இன்டர்ஃபேஸ்களில், அந்தப் பகுதியைத் தொடாமல் வேலை செய்ய இது வசதி.

பூஸ்டரை மைக்கின் பக்கம் மாட்டுங்கள், நீண்ட கேபிளுக்குப் பிறகு அல்ல. கண்டென்சர் மைக்கோடு மாட்டாதீர்கள்: இந்த வகைப் பூஸ்டர் ஃபான்டம் பவரைத் தான் எடுத்துக்கொண்டு மைக்குக்கு விடாது, மைக் ஊமையாக இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

தாளில் உள்ள எண்களை நம்ப மனமில்லாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். தேவையானவை ஓர் எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக் (மைக் கேபிளின் மூன்று பின் முனை), 150 ஓம் கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று. சென்னையில் ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும். பிளக்கைத் திறந்து, 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் இடையே ரெசிஸ்டரைச் சால்டர் செய்யுங்கள். 1ஆம் பின்னிலிருந்து உறைக்கு ஒரு சிறு கம்பி. மூடியைத் திருகி மூடினால், ஓசையே கேட்காத ஒரு பொய் மைக் தயார்.

முதலில் உண்மையான மைக்கை மாட்டி, வழக்கமாகப் பேசும் கெய்னை வைத்து, யாரும் பேசாமல் 10 வினாடி பதிவு செய்யுங்கள். கெய்னைத் தொடாதீர்கள். ஃபான்டம் பவரை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மைக்கைக் கழற்றி, பொய் மைக்கை மாட்டி இன்னொரு 10 வினாடி. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் மெஷர் ஆர்எம்எஸ் (சராசரி அளவு) கொடுங்கள்.

முதல் எண் -62, இரண்டாவது -84 என்று வந்தால், பதிவில் இருப்பது அறையும் மைக்கும். ப்ரீஆம்ப் மேல் பழியில்லை. இரண்டும் 3 டெசிபலுக்குள் நெருங்கி நின்றால், பணத்தை ப்ரீஆம்பிலோ பூஸ்டரிலோ போடுவதற்கு நியாயம் இருக்கிறது. பொய் மைக்கிலும் 'ஙொய்' என்ற ரீங்காரம் கேட்டால், அது ப்ரீஆம்பின் தரக்குறைவு அல்ல, மின்சாரப் பிரச்சினை.

ரீங்காரம் எங்கிருந்து வருகிறது

மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர் அல்லது எர்த். போகவில்லை என்றால், மின்விசிறியின் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். படிப்படியாகத் திரும்பாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும் டிம்மர் வகை, மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் சீவிடு கத்துவதுபோல் ஒரு ஓசையைக் கம்பிவழி பரப்பும். பக்கத்து அறையில் ஓடினாலும் இது வரலாம். கரண்ட் போன நேரத்தில் மட்டும் வந்தால் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை பெரிதாக இராது.

ஒழிக்க நினைத்து எர்த் பின்னை உடைப்பதோ, மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போடுவதோ கூடாது. மைக்கின் உலோக உடல் உதட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கணினி, இன்டர்ஃபேஸ், ப்ரீஆம்ப், மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில், ஒரே சுவர் பிளக்கிலிருந்து எடுங்கள். எர்த் வளையத்தால் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எர்த்தோடு இணைவதால்) வரும் ரீங்காரம் பல நேரம் இதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால், அந்த பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குப் பின்னால் கம்பி இருக்காது.

தனி ப்ரீஆம்ப் வாங்குவது என்று முடிவானால்

வாய்ஸ் ஓவருக்குச் சுத்தமான வகையையே எடுங்கள். 1970இல் வந்த நீவ் 1073இன் வழியில் செய்யப்படும் டிரான்ஸ்ஃபார்மர் ப்ரீஆம்புகள் குரலுக்குக் கொஞ்சம் கனம் ஏற்றும். பாட்டுக்கு அது அழகு. விளம்பரக் குரலில் வாடிக்கையாளர் மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு வரியை மாற்றிக் கேட்பார்; அப்போது பழைய பதிவோடு ஒட்ட வேண்டும். இப்படி நிறம் ஏற்றிய, அதாவது குரலின் சாயலை மாற்றிய, பதிவில் கெய்ன் குமிழ் சற்று மாறினாலும் நிறமும் மாறும். கிரேஸ் டிசைன் எம்101 போன்ற, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ப்ரீஆம்பில் அந்தக் கவலை இல்லை. மலிவு விலைப் பெட்டிகளின் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் வால்வைப் பொருட்படுத்தாதீர்கள். குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் அந்த வால்வு பெரும்பாலும் இரைச்சலைத்தான் சேர்க்கிறது.

பெட்டியில் பார்க்க வேண்டியவை: 80 ஹெர்ட்ஸ் அளவில் கீழ்ஸ்தாயியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் (ஆண்குரலின் அடிஸ்தாயியே பொதுவாக அதற்கு மேல்தான், போவது லாரி உறுமலும் மேஜை அதிர்வும் மட்டும்), ஃபான்டம் பவருக்குத் தனிச் சுவிட்ச், திருப்பிய இடத்துக்கே மறுபடி வர வசதியாகப் படிப்படியான கெய்ன் குமிழ். நுழைவு இம்பீடன்ஸ் (மைக்குக்கு ப்ரீஆம்ப் காட்டும் மின்தடை) 1.5 முதல் 3 கிலோ ஓம் வரை இருந்தால் எல்லா மைக்குக்கும் பொருந்தும். ஃபோக்கஸ்ரைட் ஐஎஸ்ஏ ஒன் போன்றவற்றில் இதை மாற்றும் சுவிட்ச் உண்டு. டைனமிக் மைக்கில் வித்தியாசம் கேட்கும், கண்டென்சரில் அநேகமாகக் கேட்காது.

கம்ப்ரஸர் (சத்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), டீ-எஸ்ஸர் ('ஸ்' சீறலை அடக்குவது), கேட் (மெல்லிய ஓசையை வெட்டுவது) எல்லாம் ஒரே பெட்டியில் வரும் சேனல் ஸ்ட்ரிப் ஆசை காட்டும். நேரலை பேசுபவர்களுக்கு அது சரி. பதிவுக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், முக்கியமாக கேட்டை. தமிழில் 'வந்து', 'சென்று', 'எடுத்து' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் சொற்கள் குற்றியலுகரத்தில் முடிகின்றன. அந்தக் கடைசி உகரம் குரலில் மிக மெலிந்து ஒலிக்கும். கேட் அதை மௌனம் என்று நினைத்துக் கத்தரித்துவிடும். 'வந்த்', 'சென்ற்' என்று மிஞ்சுவதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

மாட்டும் முறை

தனி ப்ரீஆம்ப் வாங்கியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ப்ரீஆம்பின் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் எக்ஸ்எல்ஆர் துளையில் செருகினால், சிக்னல் இன்டர்ஃபேஸின் ப்ரீஆம்ப் வழியாகவும் போகும். ஏற்கெனவே பெருக்கிய சிக்னல் மறுபடி மைக் நுழைவாயிலில் முட்டி உடையும். கூடவே இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் போட்டிருந்தால் அது ப்ரீஆம்பின் வெளியீட்டுக்குள் பாய்ந்து, சுற்றையே பழுதாக்கலாம். வெளியீட்டிலிருந்து கால் அங்குல டிஆர்எஸ் கேபிளை எடுத்து, லைன் இன் துளையில் செருகுங்கள். காம்போ துளை (எக்ஸ்எல்ஆரும் கால் அங்குலமும் ஒன்றிலேயே செருகுவது) என்றால் நடுவில் இருக்கும் வட்டத் துளை. லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்று சுவிட்ச் இருந்தால் லைனில் வையுங்கள். இன்டர்ஃபேஸின் கெய்னை அடியில் இறக்கிவிட்டு, ப்ரீஆம்பில் மட்டும் ஏற்றுங்கள். எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்ட்டின் மிகச் சத்தமான வரியைப் பேசும்போது உச்சம் -12க்கும் -8க்கும் இடையே நிற்க வேண்டும். கத்தும் காட்சி இருந்தால் அந்தப் பகுதிக்குத் தனியாக 10 டெசிபல் இறக்கிப் பதிவு செய்யுங்கள்.

ஃபான்டம் பவருக்கு ஒரே வரிசைதான்: கேபிளை மாட்டு, பிறகு 48 வோல்ட்டைப் போடு, அணைத்து அரை நிமிடம் கழித்துக் கழற்று. ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இதைச் செய்தால் 'டப்' என்று ஒரு அடி விழும்.

பழைய பெட்டி வாங்கும்போது மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். ஃபான்டமைப் போட்டு, எக்ஸ்எல்ஆரில் 1ஆம் பின்னுக்கும் 2க்கும், பிறகு 1க்கும் 3க்கும் இடையே அளந்தால் இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட் வரை இருக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால் உள்ளே ரெசிஸ்டர் ஒன்று போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். கெய்ன் குமிழை மெதுவாகத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் சுத்தம் செய்து சரிப்படுத்தலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டியென்றால், நம் 230 வோல்ட்டில் செருகும் முன் பின்புறத்தைப் பாருங்கள்: 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் போடக் கூடாது; மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதை 230க்குத் திருப்பி, அந்த அளவுக்கான ஃப்யூஸையும் மாற்றிய பிறகே பிளக்கைச் செருகுங்கள்.